பாண்டியில் எங்கே இறங்குவது, எங்கே வீடு பார்ப்பது? கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஊத்தங்கரைக்காரன். அம்மாவின் சிகிச்சைக்காக ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வந்து, கோரிமேட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். பிறகு வேலையும் இங்கேயே அமைந்துவிட்டது. ஒன்பது வருஷமாகப் புதுச்சேரியில்தான் இருக்கிறேன். ஊரிலிருந்து வாரம் ஒருவராவது கூப்பிட்டுவிடுவார்கள். "தம்பி, அப்பாவுக்கு ஜிப்மர்ல காட்டணும், எங்க இறங்கணும்?", "மாமா, பையனுக்கு அங்க வேலை கெடச்சிருக்கு, எந்தப் பக்கம் வீடு பாக்கறது?" கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். போனில் அவசரமாகச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து எப்படி வருவது?

சாலை சுலபம்தான். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரி. மொத்தம் சுமார் 210 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து புதுச்சேரி போகும் பேருந்துகள் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத்தான் வருகின்றன. இரவில் ஏறினால் விடியும்போது இங்கே இறங்கலாம். பகலில் வந்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. தர்மபுரிக்காரர்கள் அரூர் வழியாகத் திருவண்ணாமலை வந்து அங்கே வண்டி மாறுவது நல்லது.

ஜிப்மருக்குப் போக எங்கே இறங்க வேண்டும்?

திண்டிவனம் வழியாக வரும் பேருந்து ஊருக்குள் நுழையும் இடமே கோரிமேடு. ஜிப்மர் அங்கேதான் இருக்கிறது. நடத்துநரிடம் ஏறும்போதே "ஜிப்மர் ஸ்டாப்" என்று சொல்லி வையுங்கள். பலரும் தூக்கக் கலக்கத்தில் நேராகப் புதிய பேருந்து நிலையம் வரை போய்விடுகிறார்கள். அப்புறம் நோயாளியை வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்த வழியே திரும்ப வேண்டும். புறநோயாளிப் பிரிவில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். இங்கே விடுமுறைப் பட்டியல் நம்மூர் போல இருக்காது. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாள். நம் நாள்காட்டியில் இந்த இரண்டும் சாதாரண நாள்களாகத்தான் இருக்கும். ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம், அதற்கென்று தனி விடுமுறைப் பட்டியல் உண்டு. கிளம்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த ஆஸ்பத்திரியின் வேர் 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் இருக்கிறது. 1964-ல் ஜவகர்லால் நேருவின் பெயர் வைக்கப்பட்டது. 2008-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. பழைய சீட்டு, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். "ஊர்ல வெச்சிட்டு வந்துட்டேன்" என்று கவுன்டர் முன்னால் கலங்கி நிற்கிற நம்மூர்ப் பெரியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பாண்டிச்சேரி, புதுச்சேரி, புதுவை எல்லாம் ஒரே ஊர்தானா?

ஒரே ஊர்தான். 2006-ல் அதிகாரப்பூர்வப் பெயர் புதுச்சேரி என்று மாறியது. நாம் பாண்டி என்போம், உள்ளூர்க் கவிஞர்களும் மேடைப் பேச்சாளர்களும் புதுவை என்பார்கள்.

தமிழ்நாட்டில்தானே இருக்கிறது?

இல்லை. தமிழ்நாட்டின் நடுவே இருக்கிற தனி யூனியன் பிரதேசம் இது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. காரைக்கால், கேரளத்தை ஒட்டிய மாஹே, ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாம், இந்தப் புதுச்சேரி ஆகிய நான்கும் சேர்ந்தது ஒரே அரசு. துணைநிலை ஆளுநர், முதலமைச்சர், 30 எம்.எல்.ஏ.க்கள் உண்டு. அதற்கு மேல் மூன்று பேரை மத்திய அரசு நியமிக்கலாம். முழு மாநில அந்தஸ்து வேண்டும் என்று இங்கே சட்டமன்றத்தில் பலமுறை தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

முதல் தடவை வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி. பிரெஞ்சுக்காலத்து வழக்கம் அது. சிவப்புத் தொப்பியைப் பார்த்துவிட்டால் எல்லைக்குள் வந்தாயிற்று என்று அர்த்தம்.

ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும், ஆனால் பெரும்பாலோர் கேட்பதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் 5,143 சதுர கிலோமீட்டர். புதுச்சேரி மாவட்டம் சுமார் 290 சதுர கிலோமீட்டர்தான். அந்தச் சின்ன இடமும் ஒரே துண்டாக இல்லை. எந்தக் காலத்தில் எந்தக் கிராமம் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததோ, அதுதான் இன்றைக்கும் எல்லை. அதனால் வரைபடத்தில் பார்த்தால் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே தோசைக்கல்லில் தெளித்த மாவு மாதிரி சிதறிக் கிடக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டுக்கு நகரத்திலிருந்து பேருந்தில் போங்கள். முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையமும் தமிழ்நாடு. அதன் பிறகு காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. அந்தப் பேருந்தில் ஒரே டிக்கெட்டில் எல்லையை இரண்டு தடவை தாண்டிவிடுவீர்கள். பாண்டி என்றாலே பலருக்கும் நினைவுக்கு வரும் ஆரோவில்லின் பெரும்பகுதி, தங்க உருண்டை மாதிரி இருக்கும் மாத்ரிமந்திர் உட்பட, விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது.

வீடு பார்க்கும்போதுதான் இது உறைக்கும். என் சித்தப்பா மகன் ஜிப்மருக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டும் என்று தேடினான். தரகர் ஒருவர் "பாண்டிதாண்ணே, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம்" என்று காட்டிய வீடு அவனுக்குப் பிடித்துவிட்டது. முன்பணமும் கொடுத்தாயிற்று. குடிவந்த அன்று மின்கட்டண அட்டையை எடுத்துப் பார்த்தால் தமிழ்நாடு மின்வாரியத்தின் அட்டை. வீடு இருந்தது பட்டானூரில், வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம். வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவன் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் புதுச்சேரி முகவரி கேட்டிருந்தார்கள். மூன்றே மாதத்தில் சாமான் செட்டைத் தூக்கிக்கொண்டு தட்டாஞ்சாவடிக்கு மாற வேண்டியதாகிவிட்டது.

அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் மின்கட்டண ரசீதைக் கேளுங்கள். "புதுச்சேரி மின்துறை" என்று இருந்தால் இந்தப் பக்கம், தமிழ்நாடு மின்வாரியத்தின் பெயர் இருந்தால் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் இருப்பது தப்பு என்று சொல்லவில்லை. ரேஷன் அட்டை, ஓட்டு எல்லாம் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று நினைக்கிறவர்களுக்குப் பட்டானூரும் கோட்டக்குப்பமும்தான் வசதி. எந்தப் பக்கம் என்று தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

சரி, புதுச்சேரிக்குள்ளேயே எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்?

ஆஸ்பத்திரி வேலை, அடிக்கடி ஊருக்குப் போய்வர வேண்டும் என்றால் கோரிமேடு, தட்டாஞ்சாவடி. திண்டிவனம் பேருந்து வாசலிலேயே நிற்கும். பிள்ளைகள் படிக்கிறார்கள், கொஞ்சம் அமைதியான தெரு வேண்டும் என்றால் லாஸ்பேட்டை. விமான நிலையமும் தாகூர் கலைக் கல்லூரியும் அங்கே இருக்கின்றன. விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையம், மூலக்குளம் பக்கம் புது வீடுகள் நிறைய. ஆனால் இந்திரா காந்தி சிலைச் சந்திப்பின் நெரிசலைத் தாண்டித்தான் தினமும் போய்வர வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஒருநாள் அங்கே நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்பேட்டைகளில் வேலை என்றால் நகரத்துக்குள் வாடகை கொடுக்காமல் வில்லியனூர் பக்கம் தேடலாம். திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து மாதா கோயிலும் இருக்கிற பழைய ஊர் அது. கடைத்தெரு நம் காவேரிப்பட்டணத்தை நினைவுபடுத்தும்.

முதலியார்பேட்டை, உப்பளம், முத்தியால்பேட்டை எல்லாம் பழைய மில் தொழிலாளர் குடியிருப்புகள். இந்த ஊரைக் கடலும் பிரெஞ்சுத் தெருவும் மட்டுமாக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1936 ஜூலை 30 அன்று இங்கே போராடிய மில் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. தொழிலாளர்களை வழிநடத்திய வ. சுப்பையாவின் பெயரில்தான் ரயில் நிலையத்தின் முன்னால் இருக்கும் சுப்பையா சாலை இருக்கிறது. 1898-ல் வந்த பெரிய மில்லான ஏ.எஃப்.டி.யும் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. மில் சங்கு ஊதியதை வைத்து நேரம் சொன்ன பெரியவர்கள் முதலியார்பேட்டையில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பேசக் கேட்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

வெள்ளைக்காரத் தெருக்கள் எங்கே இருக்கின்றன? அங்கே வீடு கிடைக்குமா?

பழைய நகரம் முட்டை வடிவம். கிழக்கே கடற்கரைச் சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே பட்டேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை. இந்தச் சுற்றுக்குள் இருப்பதை உள்ளூரில் புல்வார் என்பார்கள். நடுவே வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, துமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி. மேற்கே தமிழர் பகுதி. திண்ணையும் மரத்தூணும் உள்ள வீடுகள், ஈசுவரன் கோயில், சம்பா கோயில் என்று அழைக்கப்படும் மாதா கோயில், தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதி. கிழக்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் தங்கும் விடுதிகள்தான், குடும்பம் நடத்தக் கட்டுப்படியாகாது. எனக்கு வாய்க்காலின் மேற்குப் பக்கம்தான் அழகு. படம் எடுக்க வருகிறவர்கள் அங்கே வராமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

இங்கே நகராட்சி ஒன்றா இரண்டா? மேயர் யார்?

நகரம் ஒன்று போலத் தெரிந்தாலும் நகராட்சிகள் இரண்டு. புல்வார், முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, நெல்லித்தோப்பு பக்கமெல்லாம் புதுச்சேரி நகராட்சி. லாஸ்பேட்டை, தட்டாஞ்சாவடி, கோரிமேடு, ரெட்டியார்பாளையம், தனித்துண்டாக இருக்கும் காலாப்பட்டு எல்லாம் உழவர்கரை நகராட்சி. 2011 கணக்கெடுப்பில் உழவர்கரையில் சுமார் 3 லட்சம் பேர், புதுச்சேரி நகராட்சியில் சுமார் 2.4 லட்சம் பேர். பெயர் பெற்றதைவிடப் பெயர் தெரியாததுதான் பெரியது! சுற்றியுள்ள கிராமங்கள் அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்ற ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளில் வருகின்றன. கொம்யூன் என்பது பிரெஞ்சுச் சொல். 1880-ல் அவர்கள் ஏற்படுத்திய அமைப்பின் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

பிரெஞ்சுக் காலத்தில் மேயர் உண்டு. மேயர் அலுவலகம் இருந்ததால்தான் கடற்கரைச் சாலையில் உள்ள வெள்ளைக் கட்டடத்துக்கு மேரி என்று பெயர். 2014 நவம்பர் மழையில் அந்தப் பழைய கட்டடம் அப்படியே இடிந்து விழுந்தது. அதே வடிவத்தில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். பார்க்கப் பழைய மாதிரியேதான் இருக்கிறது.

ஆனால் உள்ளே உட்காரத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. இதை ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. 1968-ல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006-ல், நடுவே 38 ஆண்டுகள் போய்விட்டன. 2006-ல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகும் பல வருஷங்களாகத் தேர்தல் நடக்காமல், அதிகாரிகளே நிர்வாகத்தைப் பார்த்து வந்திருக்கிறார்கள். நம்மூரில் 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி, தர்மபுரி நகராட்சிகளுக்கும் ஓசூர் மாநகராட்சிக்கும் ஓட்டுப் போட்டோம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இங்கே அப்படி நிற்க வாசல் இல்லை. மக்கள் எம்.எல்.ஏ.விடம் போகிறார்கள். சின்னத் தொகுதிகள் என்பதால் எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது நம்மூரைவிட எளிது என்பது உண்மை. ஆனாலும் சாக்கடை அடைப்புக்குச் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிப் போவது சரியான ஏற்பாடு இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தெருவுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும், அதைத் தெருக்காரர்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தண்ணீர், கரண்ட், வீட்டு வரிக்கு யாரிடம் போக வேண்டும்?

நம்மூரில் குடிநீர்க் குழாய் நகராட்சியுடையது. இங்கே நகரப் பகுதியில் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் பொதுப்பணித்துறை வசம். மின்சாரம் மின்துறை. வீட்டு வரி, கடை உரிமம், மார்க்கெட், குப்பை, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவைதான் நகராட்சி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நகராட்சிக்கு அலைந்து அரைநாள் வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஜிப்மரில் குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது?

பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும். ஜிப்மர் இருப்பது உழவர்கரை நகராட்சி எல்லையில், அதனால் சான்றிதழ் அங்கேதான். ஊருக்குப் போய்க் கிருஷ்ணகிரி நகராட்சியில் கேட்டால் கிடைக்காது. நகரத்தின் நடுவே பாரதி பூங்காவை ஒட்டிய பெரிய ஆஸ்பத்திரியில் என்றால் புதுச்சேரி நகராட்சி. துக்க வீட்டில் இதையெல்லாம் யாரும் யோசிக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். கூட வரும் ஒருவராவது தெரிந்து வைத்துக்கொண்டு, பெயர், முகவரி எழுத்துப்பிழை இல்லாமல் கொடுத்திருக்கிறார்களா என்று அன்றைக்கே பாருங்கள். பிறகு திருத்துவதற்கு 200 கிலோமீட்டர் வர வேண்டியிருக்கும்.

பிள்ளைகளை இங்கே அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் பாடத்திட்டம் மாறும். முன்பு புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான் இருந்தது. 2024-25 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. சமச்சீர்க் கல்வியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு வரை படித்த பிள்ளைக்குத் திடீரென்று மாறுவது பாரமாக இருக்கலாம். பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையாக இருந்தால் ஒரு வருஷம் ஊரிலேயே பாட்டி வீட்டில் விட்டு முடிக்க வைப்பது நல்லது என்பது என் எண்ணம். இங்கே கல்லூரி இடஒதுக்கீட்டில் உள்ளூர்க்காரர் என்று கணக்கில் வர, தொடர்ந்து சில ஆண்டுகள் குடியிருந்ததற்கான சான்று வேண்டும். அதனால் வந்த நாளிலிருந்தே வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீதைச் சேர்த்து வையுங்கள்.

ரேஷன், வண்டி, பெட்ரோல்?

ரேஷனில் பெரிய வித்தியாசம். இங்கே பல ஆண்டுகள் கடையே மூடிக்கிடந்தது. அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். பின்னால் கடைகளைத் திறந்து அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள். வண்டிப் பதிவு இங்கே பிஒய்-01. நம் டிஎன்-24, டிஎன்-29 வண்டியோடு வருவதில் சிக்கல் இல்லை, நிரந்தரமாக இங்கேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் போக்குவரத்துத் துறையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் தமிழ்நாட்டைவிடச் சில ரூபாய் குறைவு.

ஊருக்குத் திரும்பும்போது பாட்டில் வாங்கி வரலாமா?

வேண்டாம். எல்லைச் சோதனைச் சாவடியில் பிடித்தால் வழக்கு. நோயாளியோடு வந்துவிட்டு அந்தத் தலைவலி எதற்கு?

கடற்கரை என்றார்கள், வந்து பார்த்தால் பாறாங்கல்லாக இருக்கிறதே?

எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். கடற்கரைச் சாலை ஓரமாக முன்பு மணல் இருந்தது. நம் கிழக்குக் கடற்கரையில் அலையும் காற்றும் சேர்ந்து மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1980-களின் கடைசியில் தேங்காய்த்திட்டுப் பக்கம் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணை போட்டார்கள். மணல் அதன் தெற்கே தேங்கியது, வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் மண்ணை அரித்துக்கொண்டே வந்தது. கரையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது, அதற்கு வடக்கே இருந்த மீனவர் குப்பங்கள் அரிபட்டன. வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஆரம்பித்துத் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை படகு நிறுத்த மணல் இல்லாமல் போனது. ஒரு ஊருக்குக் கட்டிய அணை அடுத்த ஊரின் கரையைத் தின்றுவிட்டது. சில வருஷங்களுக்கு முன் தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு அமைத்தார்கள். அந்த இடத்தில் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. மாலையில் பிள்ளைகள் விளையாடுவது அங்கேதான்.

குளிக்கலாமா?

இதைக் கொஞ்சம் கெஞ்சியே சொல்கிறேன். நம்மூர்ப் பிள்ளைகள் கிணற்றிலும் ஏரியிலும் நீந்தப் பழகியவர்கள். ஒகேனக்கல்லில் சுழல் இருக்கிற இடத்தைப் பரிசல்காரர் காட்டிக் கொடுப்பார். கடலில் காட்டிக் கொடுக்க ஆள் இல்லை. முழங்கால் ஆழத்தில் நிற்கும்போதே காலடி மணலை உருவிக்கொண்டு தண்ணீர் உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவன்தான் தைரியத்தில் உள்ளே போய் மாட்டிக்கொள்கிறான். பாறைமீது ஏறிப் படம் எடுப்பதும் அப்படித்தான், பாசி வழுக்கும். காலை நனைத்துவிட்டு வாருங்கள், போதும். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். பெரியவர்களை அந்த நேரத்தில் அழைத்துப் போனால் நிம்மதியாக நடக்கலாம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வாசலில் நின்று தும்பிக்கையால் ஆசி கொடுத்த யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று நடைப்பயிற்சியின்போது சாய்ந்து இறந்துபோனது. அன்று ஊரே தெருவில் நின்று அழுதது, நானும்தான். அங்கிருந்து நடந்தால் பாரதி பூங்கா. அதன் நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம். ஆயி என்ற தாசியின் வீடு விளக்கொளியில் கோயில் போலத் தெரிந்ததாம். அரசன் கும்பிட்டுவிட்டான், பிறகு உண்மை தெரிந்து கோபத்தில் வீட்டை இடிக்கச் சொன்னான். அவளே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. பின்னால் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் அவள் நினைவாக இந்த மண்டபத்தைக் கட்டினார்கள். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இதே மண்டபம்தான். ராஜாவுக்கு இல்லை, குளம் வெட்டிய பெண்ணுக்கு ஊரின் நடுவில் மண்டபம். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணம்.

பிறகு கடற்கரையில் காந்தி சிலை. அதைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். நீங்கள் வரும் வழியில் பேருந்து சன்னலில் பார்த்த அதே செஞ்சிதான். எதிரே முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவிடம். இன்றும் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்கள் இங்கே உண்டு, சொல்தா என்பார்கள். நேரம் இருந்தால் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வாழ்ந்த வீட்டைப் பாருங்கள். 1908 முதல் 1918 வரை பத்து ஆண்டுகள் அவர் இந்த ஊரில் இருந்தார். அவர் வந்த அதே 1908-ல்தான் சுப்பிரமணிய சிவா சிறைக்குப் போனார். சிவா பிறகு நம் பாப்பாரப்பட்டியில் பாரத மாதா ஆசிரமம் அமைத்து 1925-ல் அங்கேயே மறைந்தார். தர்மபுரிக்காரர்கள் அந்த வீட்டுக்குள் நிற்கும்போது அவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

காய்கறி, சாமான் எங்கே மலிவு?

நேரு வீதிக்கும் ரங்கபிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கும் பெரிய மார்க்கெட். உள்ளே நுழைந்தால் மீன் ஒருபக்கம், பூ ஒருபக்கம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்கச் சண்டே மார்க்கெட். போச்சம்பள்ளிச் சந்தையும் ஞாயிறுதான், ஆனால் இங்கே ஆடு மாடு இல்லை, துணியும் பாத்திரமும்தான். கோடையில் மாம்பழ வண்டியைப் பார்த்தால் எந்த ஊர்ப் பழம் என்று கேட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரி என்று சொன்னால் எனக்கு இன்னும் ஒரு சந்தோஷம்.

மழைக்காலத்தில் எப்படி?

நம்மூரைவிட இங்கே மழை அதிகம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இந்த ஊரருகே கரையேறி நகராமல் நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். நான் இரவெல்லாம் சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன், ஊரிலிருந்து அம்மா போன் போட்டுப் "பத்திரமா இருப்பா" என்றார். மறுநாள் அதே மேகம் மேற்கே நகர்ந்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேனும் காரும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு போவதைப் போனில் பார்த்தேன். இப்போது நான் அம்மாவைக் கூப்பிட்டு அதே வார்த்தையைச் சொன்னேன்.

அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்கவில்லை. பாம்பாறும் தென்பெண்ணையும் சேர்ந்து சாத்தனூர் அணையை நிரப்ப, விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அது இறங்கி வந்து புதுச்சேரியின் தெற்கு ஓரத்தில் பாகூர்க் கிராமங்களை மூழ்கடித்தது. ஓசூர் கெலவரப்பள்ளியிலும் கே.ஆர்.பி. அணையிலும் நாம் பார்க்கும் அதே ஆறுதான், பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வந்து வயலுக்குப் பாய்கிறது. எனவே பாகூர், சோரியாங்குப்பம் பக்கம் இடம் வாங்கவோ வீடு பார்க்கவோ போகிறவர்கள், 2024-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுச் சுவரில் காட்டச் சொல்லுங்கள். கறை இன்னும் தெரியும். டிசம்பரில் சாத்தனூர் திறக்கிறார்கள் என்று ஊரில் யாருக்காவது தெரிந்தால், இந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.